மூன்று துப்பாக்கிப் போட்டிக்குப் புதிதாகப் போகிறவர் எதை வாங்கலாம், எதை வாங்காமல் இருக்கலாம்

டெக்சாஸில் நான் முதன்முதலில் பார்த்த த்ரீ கன் போட்டியில் கண்ணில் பட்ட முதல் விஷயம் துப்பாக்கி அல்ல, குழந்தைத் தள்ளுவண்டி. மூன்று சக்கரம் வைத்து, குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே ஓடுவார்களே, அந்த வகை. பத்துப் பதினைந்து வண்டிகள் வரிசையாக நின்றன. குழந்தை ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு ரைஃபிள், ஒரு ஷாட்கன், கீழே ஒரு ஐஸ் பெட்டி. இந்த விளையாட்டுக்குத் தேவையான சாமான்களில் பாதி இப்படித்தான், துப்பாக்கிக் கடையில் கிடைக்காதவை. அது தெரியாமல் நான் முதலில் ரைஃபிளில் பணத்தைக் கொட்டினேன். நீங்கள் அப்படிச் செய்யவேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

துப்பாக்கி சுடுதல் என்றால் நம்மவர்களுக்கு இளவேனில் வாலறிவன் சிலைபோல நின்று பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் குறிவைப்பது நினைவுக்கு வரும். இது அதற்கு நேர்மாறு. ஓடவேண்டும், குனியவேண்டும், ஜன்னல் போல வைத்த ஓட்டைகள் வழியே சுடவேண்டும். ஒரே சுற்றில் ரைஃபிள், ஷாட்கன், பிஸ்டல் மூன்றையும் மாற்றி மாற்றிக் கையாளவேண்டும். ஒன்றை முடித்ததும் அதற்கென்று வைத்திருக்கும் பீப்பாயிலோ பெட்டியிலோ பாதுகாப்பான நிலையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கவேண்டும். பெரும்பாலான போட்டிகளில் மதிப்பெண் என்பது நேரம்தான். எத்தனை விநாடியில் முடித்தீர்கள், அதோடு தவறவிட்ட இலக்குகளுக்கான அபராத விநாடிகள், அவ்வளவே. 1980களில் அமெரிக்காவில் ‘சோல்ஜர் ஆஃப் ஃபார்ச்சூன்’ பத்திரிகை நடத்திய போட்டிகளில் வளர்ந்த ஆட்டம் இது. இன்றும் அமெரிக்காதான் இதன் தாய்வீடு. நான் சொல்வதெல்லாம் அந்த ஊர் நிலவரம்.

முதலில் சட்டம்

அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒன்று. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டத்தின் பொது விதி. சில விதிவிலக்குகள் உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது அதில் முக்கியமானது. நண்பருடைய துப்பாக்கியை இரவல் வாங்கிச் சுட்டாலும் அந்த நேரத்தில் அது உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆகவே ‘நான் வாங்கவில்லையே’ என்ற சமாதானத்தை நம்பாதீர்கள். விசாவில் இருப்பவர் எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

உரிமம் பெற்ற கடையில் ரைஃபிளும் ஷாட்கனும் வாங்க 18 வயது, பிஸ்டல் வாங்க 21 வயது. படிவம் 4473 நிரப்பவேண்டும், பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். இதற்கு மேல் மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறு. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்ஸி போன்ற இடங்களில் பத்துத் தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசினுக்கு (துப்பாக்கியில் தோட்டா வைக்கும் கூடு) தடை உண்டு. ரைஃபிள் குழல் 16 அங்குலத்துக்கும் ஷாட்கன் குழல் 18 அங்குலத்துக்கும் குறைவாக இருந்தால் தனிப் பதிவு இல்லாமல் வைத்திருக்க முடியாது. கையில் காசு இருக்கிறதே என்று குட்டைத் துப்பாக்கியைத் தேடாதீர்கள், போட்டிக்கு அது உதவாது.

பூட்டுப் பெட்டியும் இந்தக் கணக்கில்தான் சேரும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் துப்பாக்கிக்கு முன்னால் பெட்டி வீட்டுக்கு வரவேண்டும்.

படி 1: வெறுங்கையோடு ஒரு போட்டி பாருங்கள்

பிராக்டிஸ்கோர் என்ற தளத்தில் உங்கள் பகுதிப் போட்டிகள் தேதிவாரியாக இருக்கும். ஏதாவது ஒரு சனிக்கிழமை, காதடைப்பானும் கண்ணாடியும் மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். வேடிக்கை பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள். பதிவு மேசையில் ‘புதியவன், பார்க்க வந்தேன்’ என்று சொன்னால் யாராவது ஒருவர் உங்களைத் தன் குழுவோடு சேர்த்துக்கொள்வார்.

பார்க்கும்போது யார் ஜெயிக்கிறார் என்று கவனிக்காதீர்கள். பட்டியலில் நடுவில் இருப்பவர்கள் எங்கே நேரத்தைத் தொலைக்கிறார்கள் என்று பாருங்கள். நான் அன்றைக்கு அதைச் செய்திருந்தால் பல நூறு டாலர் மிச்சமாகியிருக்கும். அவர்கள் ரைஃபிளில் நேரத்தைத் தொலைப்பதில்லை. ஷாட்கனில் தோட்டா நிரப்பும்போதும், சிக்கிக்கொண்ட துப்பாக்கியைச் சரிசெய்யும்போதும், அடுத்து எங்கே ஓடவேண்டும் என்று மறந்து நிற்கும்போதும்தான் தொலைக்கிறார்கள்.

அங்கேயே பிரிவுகளைப் பற்றியும் விசாரித்துவிடுங்கள். பெயரும் விதியும் போட்டிக்குப் போட்டி கொஞ்சம் மாறினாலும் சாரம் இதுதான். ஓப்பன் பிரிவில் ஏறக்குறைய எல்லாம் செல்லும், செலவும் அதற்கேற்ப. டாக்டிகல் அல்லது டாக் ஆப்டிக்ஸ் பிரிவில் ரைஃபிளில் உருப்பெருக்கும் ஸ்கோப் ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஷாட்கன் குழாய் மேகசின் கொண்டதாக இருக்கவேண்டும். லிமிடெட் பிரிவில் உருப்பெருக்கம் கிடையாது. ஹெவி மெட்டல் என்பது .308 ரைஃபிளும் .45 பிஸ்டலும் வைத்துக்கொண்டு தோள் நோகச் சுட ஆசைப்படுகிறவர்களுக்கு. புதியவருக்கு டாக் ஆப்டிக்ஸ். பெரும்பான்மையானவர்கள் அங்கே இருப்பதால் கேட்டால் சொல்லித்தரவும் இரவல் தரவும் ஆள் கிடைப்பார்கள்.

மூன்றும் ஒரேயடியாக மலைப்பாக இருந்தால் டூ கன் போட்டிகளும் உண்டு, ரைஃபிளும் பிஸ்டலும் மட்டும். ஷாட்கன் வாங்கும்வரை அங்கே பழகலாம்.

படி 2: காதும் கண்ணும்

இதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆனால் ஆடம்பரமும் தேவையில்லை. மின்னணுக் காதடைப்பான் வாங்குங்கள். வெடிச்சத்தத்தை அடக்கிவிட்டுப் பேச்சைக் கேட்கவிடும் வகை. ஹோவர்ட் லைட் இம்பாக்ட் ஸ்போர்ட் போன்ற அடிப்படை மாடலே போதும். உள்ளே ஃபோம் அடைப்பானையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். பக்கத்தில் நிற்பவரின் ரைஃபிளில் காம்பென்சேட்டர் (துள்ளலைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டும் துண்டு) இருந்தால் அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் அடிக்கும். நடுவர் சொல்வது காதில் விழாவிட்டால் ஆபத்து, அதனால்தான் சாதாரண அடைப்பானைவிட மின்னணு வகையைச் சொல்கிறேன்.

கண்ணாடியில் இசட்87.1 என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். இரும்புத் தகட்டில் பட்ட குண்டின் சிதறல் திரும்பி வருவது இங்கே அபூர்வமல்ல. நான் பவர் கண்ணாடி போடுகிறவன். அதன் மேலே மாட்டும் பெரிய கண்ணாடியோடு ஒரு வருடம் ஓட்டினேன், வியர்வையில் ஆவி படிந்து பாடாய்ப்படுத்தியது. பவரோடு பாதுகாப்புக் கண்ணாடி செய்து வாங்கியபின் நிம்மதி.

படி 3: பெல்ட்டும் ஹோல்ஸ்டரும்

ஓடும்போது, மண்டியிடும்போது, தடுக்கி விழும்போது பிஸ்டல் உறையிலிருந்து நழுவினால் அன்றைய போட்டி உங்களுக்கு முடிந்தது. விதிப்புத்தகத்தில் அதற்கு மன்னிப்பு இல்லை, இருக்கவும் கூடாது. ஆகவே துணி உறை, தோளில் மாட்டும் உறை இதெல்லாம் வேண்டவே வேண்டாம். உங்கள் பிஸ்டல் மாடலுக்கென்றே வார்த்த, கைடெக்ஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறை, விசையை (டிரிக்கரை) முழுவதும் மூடவேண்டும், கூடவே ஒரு பூட்டும் இருக்கவேண்டும். சஃபாரிலேண்டின் ஏ.எல்.எஸ். வகையில் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் விடுபடும். அதைப் பழக ஒரு வாரம் ஆகும்.

பெல்ட் இரண்டு அடுக்கு. உள்ளே மெல்லியது, பேண்ட் வளையங்களில் போகும். வெளியே விறைப்பானது, வெல்க்ரோவில் ஒட்டிக்கொள்ளும். எல்லாப் பைகளையும் வெளிப்பெல்ட்டில் நிரந்தரமாக மாட்டி வைத்துவிட்டு, போட்டி அன்று சட்டென்று ஒட்டிக்கொண்டு போகலாம். பிஸ்டல் மேகசினுக்கு இரண்டு மூன்று பை, ரைஃபிள் மேகசினுக்கு ஒன்று, ஷாட்கன் தோட்டாவுக்கு இடம். இடுப்பைச் சுற்றி எல்லாவற்றையும் நிரப்பி பஸ் கண்டக்டர்போல நிற்கவேண்டியதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் என்ன வேண்டுமோ அதை மட்டும் மாட்டிக்கொள்ளலாம்.

படி 4: பிஸ்டல்

இந்தப் பகுதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 9 எம்.எம்., முழு அளவு, பதினைந்து பதினேழு தோட்டா பிடிக்கும் மேகசின், நம்பகமான தயாரிப்பு. க்ளாக் 17, ஸ்மித் அண்ட் வெஸன் எம்&பி, வால்தர் பி.டி.பி. என்று எது உங்கள் கைக்கு அடங்குகிறதோ அது. ரேஞ்சில் (சுடும் மைதானத்தில்) வாடகைக்குக் கொடுப்பார்கள், நாலைந்தைச் சுட்டுப்பார்த்துவிட்டு வாங்குங்கள். ஏற்கனவே வீட்டில் ஒன்று இருந்தால் அதுவே போதும். சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்ள வாங்கிய குட்டிப் பிஸ்டலாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். அதன் குறுகிய பிடியும் சிறிய மேகசினும் இங்கே காலை வாரிவிடும்.

மிச்சக் காசில் மேகசின் வாங்குங்கள், குறைந்தது நான்கு. ஓடும்போது மண்ணில் விழும், யாராவது மிதிப்பார்கள்.

க்ளாக் போல வெளியே சேஃப்டி பொத்தான் இல்லாத பிஸ்டலைச் சுற்றின் நடுவே எந்த நிலையில் பீப்பாயில் போடலாம் என்பது போட்டிக்குப் போட்டி வேறுபடும். சுற்று தொடங்குமுன் நடுவரிடம் கேட்டுவிடுங்கள். கேட்பதால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

படி 5: ஷாட்கன்

இங்கேதான் கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சுற்றில் ஷாட்கனுக்கு இருபது இலக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஒன்பது தோட்டா உள்ளே இருக்கிறது. ஒன்றுகூடத் தவறாவிட்டாலும் பதினொன்றை ஓட்டத்தின் நடுவே நிரப்பியாகவேண்டும். ஒவ்வொன்றாக எடுத்துக் குழாயில் தள்ளினால், புதியவர் கைக்கு ஒன்றுக்கு இரண்டு விநாடி. ஆக இருபத்திரண்டு விநாடி. கையில் நான்கு தோட்டாவை ஒரே பிடியில் எடுத்து இரண்டிரண்டாகத் தள்ளும் முறை ஒன்று இருக்கிறது, குவாட் லோடிங் என்பார்கள். அதை ஓரளவு பழகியவருக்கு நான்குக்கு மூன்று விநாடி, மொத்தம் ஒன்பது விநாடிக்குள் முடிந்துவிடும். பதின்மூன்று விநாடி லாபம். என்னுடைய விலையுயர்ந்த ரைஃபிள் குழல் எந்தச் சுற்றிலும் எனக்கு ஒரு விநாடிகூட மிச்சப்படுத்தியதாக ஞாபகம் இல்லை.

ஆகவே ஷாட்கன் வாங்கும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி, இதில் தோட்டா நிரப்புவது எவ்வளவு சுலபம் என்பதுதான். 12 கேஜ் (குழலின் அகல அளவு), குழல் நீளம் 21 முதல் 24 அங்குலத்துக்குள், எட்டு ஒன்பது தோட்டா பிடிக்கும் நீண்ட குழாய் மேகசின், அடியில் தோட்டா நுழையும் வாய் அகலமாக இருக்கவேண்டும். போட்டிக்கென்றே செய்த மாடல்களில் அந்த வாயை விரித்து விளிம்பை மழுக்கி அனுப்புவார்கள். மாஸ்பர்க் 940 ஜே.எம். புரோ, பெரெட்டா 1301 காம்பெட்டிஷன், ஸ்டோகர் எம்3கே ஆகியவை அந்த வகை. (ஜே.எம். என்பது ஜெர்ரி மிகுலெக் என்ற பெயரின் சுருக்கம். ரிவால்வரில் ஒரே விநாடியில் எட்டுத் தோட்டா சுட்ட மனிதர்.) சாதாரண வேட்டைத் துப்பாக்கியை வாங்கினால் இந்த வேலையை ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துச் செய்யவேண்டியிருக்கும். செய்யாமல் விட்டால் கட்டைவிரல் நகத்தோரம் கிழியும். முதல் சீசன் முழுக்க நான் பிளாஸ்திரி ஒட்டிய விரலோடுதான் சாம்பார் சாதம் பிசைந்தேன்.

தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் ஷாட்கன்களில் இரண்டு சாதி. வெடிப்பின் வாயுவில் இயங்குவது ஒன்று, பின்னுதைப்பின் விசையில் இயங்குவது இன்னொன்று. மாஸ்பர்க் 940, பெரெட்டா 1301 வாயு வகை. பெனெல்லி எம்2, ஸ்டோகர் எம்3கே உதைப்பு வகை. உதைப்பு வகை சுத்தமாகவே இருக்கும், துடைக்கும் வேலை குறைவு. ஆனால் மிக வலு குறைந்த தோட்டா போட்டாலோ, மேலே அது இது என்று மாட்டி எடையை ஏற்றினாலோ சில துப்பாக்கிகள் அடம்பிடிக்கும். நான் முதலில் வாங்கியது மலிவான ஒன்று. கடையில் இருந்த குறைந்த விலைப் பேர்ட்ஷாட்டோடு (சின்னச் சின்னக் குண்டுமணிகள் நிறைந்த தோட்டா) அதற்கு ஜென்மப்பகை. போட்டிக்கு முந்தின வாரமே நூறு தோட்டா சுட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்காமல் போய், நான்கு சுற்றில் மூன்றில் சிக்கி நின்றேன். எந்த ஷாட்கன் வாங்கினாலும் போட்டியில் போடப்போகும் அதே தோட்டாவை இரண்டு பெட்டியாவது சுட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் பம்ப் வகைத் துப்பாக்கி வீட்டில் இருக்கிறதா? தாராளமாக எடுத்துக்கொண்டு போகலாம். ரெமிங்டன் 870, மாஸ்பர்க் 500 வைத்துக்கொண்டு ஒரு சீசன் முழுக்க ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். சுடும் வேகம் குறையும், ஆனால் தோட்டா நிரப்பும் கை பழகிவிடும், அது எந்தத் துப்பாக்கிக்கும் கூடவே வரும் சொத்து.

தோட்டா வைக்கும் ‘கேடி’ (caddy) என்ற தாங்கிகள்தான் அடுத்து. பெல்ட்டில் மாட்டும் இந்தச் சட்டங்களில் தோட்டாக்கள் நான்கு நான்காக அல்லது இரண்டிரண்டாக அடுக்கி நிற்கும். முதலில் பன்னிரண்டு முதல் பதினாறு தோட்டா பிடிக்கும் அளவுக்கு வாங்குங்கள். அதோடு பத்துப் பன்னிரண்டு போலித் தோட்டா, வெடிமருந்து இல்லாதவை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, உயிர்த்தோட்டா எதுவும் இல்லாத அறையில், துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, தினம் பத்து நிமிடம் நிரப்பிப் பழகுங்கள். முதல் வாரம் தரையெல்லாம் தோட்டா உருளும். மூன்றாவது வாரத்தில் கை தானாகப் போகும். கீழே ஒரு பழைய போர்வையை விரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார்.

குழலின் முனையில் திருகும் சோக் குண்டுச்சிதறல் எவ்வளவு விரியும் என்பதைத் தீர்மானிக்கிறது. இம்ப்ரூவ்ட் சிலிண்டர் அல்லது லைட் மாடிஃபைட், இரண்டில் ஒன்று பெரும்பாலான வேலைக்குப் போதும். மிக இறுக்கமான சோக்கில் ஸ்லக் எனப்படும் ஒற்றைக் குண்டைச் சுடக்கூடாது, சோக்கின் கையேட்டில் எழுதியிருக்கும், படித்துவிடுங்கள்.

ஸ்லக் என்றதும் ஒரு எச்சரிக்கை. குழாய் மேகசினில் கடைசியாகச் செருகியதுதான் முதலில் வெளியே வரும். சேம்பரில் (சுடுவதற்குத் தயாராகத் தோட்டா நிற்கும் இடம்) ஏற்கனவே ஒன்று இருந்தால் அது முதலில் போகும், அதற்குப் பிறகு நீங்கள் கடைசியாகத் தள்ளியது. பேர்ட்ஷாட்டும் ஸ்லக்கும் கலந்து சுடும் சுற்றில் இந்த வரிசையை மனதில் வைக்காவிட்டால், பத்தடி தள்ளி நிற்கும் இரும்புத் தகட்டை ஸ்லக்கால் அடித்துவிடுவீர்கள். தகடும் போகும், அதைவிட மோசமாக ஈயச் சிதறல் திரும்பி வரும், உங்களையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஸ்லக்குக்கு இடுப்பில் தனி இடம் வையுங்கள், கை தவறிக்கூட மற்றதோடு கலக்காத இடமாக.

படி 6: ரைஃபிள்

கடையில் நின்று ஆசை ஆசையாகப் பார்க்கும் பொருள் இதுதான். ஆனால் முதல் வருடத்துக்கு அலமாரியில் இருக்கும் சாதாரண ஏ.ஆர்.-15 போதும் என்று சொன்னால் நம்புங்கள். 5.56 அல்லது .223 தோட்டா, 16 அல்லது 18 அங்குலக் குழல். ரூகர் ஏ.ஆர்.-556, ஸ்மித் அண்ட் வெஸன் எம்&பி15 ஸ்போர்ட் போன்ற தொடக்க நிலை ரைஃபிள்களின் துல்லியம் நூறு இருநூறு கஜத்தில் தொங்கும் தட்டை அடிக்கத் தேவையானதைவிட அதிகம். தவறுவது நம் விரல்தான். மெருகூட்ட வேண்டுமானால் முதலில் விசையை மாற்றலாம், மற்றதெல்லாம் பிறகு.

ஸ்கோப்புக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். 1-லிருந்து 6 மடங்கு வரை உருப்பெருக்கும் வகை இந்த விளையாட்டுக்கென்றே பிறந்ததுபோல. ஒன்றில் வைத்தால் இரு கண்ணும் திறந்தபடி பக்கத்து அட்டை இலக்குகளைச் சுடலாம், ஆறுக்குத் திருப்பினால் இருநூறு கஜத் தட்டு தெளிவாகத் தெரியும். பிரைமரி ஆர்ம்ஸ் எஸ்.எல்.எக்ஸ்., வோர்ட்டெக்ஸ் ஸ்ட்ரைக் ஈகிள் ஆகியவை தொடக்கக்காரர்கள் நிறையப் பேர் கையில் இருப்பவை. திருப்பும் வளையத்தில் ஒரு நெம்புகோல் இருக்கட்டும், வியர்வைக் கையில் வெறும் வளையம் திரும்பாது. ஸ்கோப்பைப் பிடிக்கும் மவுண்டின் திருகுகளை முறுக்குவிசைக் கருவி வைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு முடுக்குங்கள். நான் கண்ணளவில் முடுக்கியது மூன்றாவது போட்டியில் தளர்ந்து, தொலைதூரத் தட்டு ஒன்றுக்கு ஒரு மேகசின் முழுவதையும் காலிசெய்தும் படவில்லை. குறை சொல்ல வேறு ஆள் இல்லை, திருகியது நான்தான்.

ஜீரோ செய்வதற்கு, அதாவது குறி பார்க்கும் இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வதற்கு, 50 கஜம் நல்ல தூரம். .223-இல் 50 கஜத்துக்குச் சரிசெய்த குறி 200 கஜத்திலும் ஏறக்குறைய அதே இடத்தில் விழும், நடுவே ஓரிரு அங்குலம் மேலே போகும். ஆனால் மிக அருகில் இந்தச் சூத்திரம் உதவாது. ஸ்கோப் குழலுக்கு இரண்டரை அங்குலம் மேலே இருப்பதால், ஏழெட்டுக் கஜத்தில் குண்டு நீங்கள் பார்க்கும் புள்ளிக்கு இரண்டு அங்குலத்துக்கும் அதிகமாகக் கீழேதான் விழும். சுடக்கூடாத வெள்ளை அட்டைக்குப் பின்னால் பாதி மறைந்த இலக்கு வரும்போது இது தெரியாதவர்கள் வெள்ளையில் ஓட்டை போட்டுவிட்டு முழிப்பார்கள்.

முப்பது தோட்டா மேகசின் நான்கு வாங்குங்கள். தோளில் மாட்டும் வார் சில சுற்றுகளுக்குத் தேவைப்படும், சாதாரணமானது போதும்.

படி 7: தோட்டா

உள்ளூர்ப் போட்டி ஒன்றுக்கு நான் எடுத்துப்போகும் அளவு: ரைஃபிளுக்கு நூறு, பிஸ்டலுக்கு நூறு, பேர்ட்ஷாட் எழுபத்தைந்து முதல் நூறு, ஸ்லக் பத்து. முழுவதும் தீராது, ஆனால் தீர்ந்துபோய் நிற்பதைவிட மேல். இன்றைய விலையில் இது நூறு டாலரைத் தாண்டலாம், நுழைவுக் கட்டணம் தனி. மாதம் ஒரு போட்டி என்றால் வருடத்தில் தோட்டாச் செலவே ஒரு துப்பாக்கி விலையைத் தாண்டிவிடும். பட்ஜெட் போடும்போது இதை மறந்துவிட்டுத்தான் பலர் மூன்று மாதத்தில் காணாமல்போகிறார்கள்.

ரைஃபிளுக்குச் சாதாரண 55 கிரெயின் தோட்டா. பச்சை முனை கொண்டதும், காந்தம் ஒட்டும் குண்டும் பெரும்பாலான ரேஞ்சுகளில் கூடாது, தகட்டைக் குழியாக்கிவிடும். பதிவு மேசையில் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். வீட்டிலேயே குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஷாட்கனுக்கு ஏழரை அல்லது எட்டாம் நம்பர் ஈயப் பேர்ட்ஷாட், இரண்டே முக்கால் அங்குல நீளம், ஒன்றேகால் அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவான எடை. பெட்டியில் 1 1/8 அவுன்ஸ் என்று போட்டிருக்கும். அதைவிட வலு குறைந்ததில் கனமான தகடுகள் ஆடிவிட்டு நின்றுவிடும். எஃகுச் சிதறல் தோட்டா வேண்டாம், திரும்பி வரும்.

படி 8: பையில் போடவேண்டிய மற்றவை

ரைஃபிளுக்கும் ஷாட்கனுக்கும் தலா ஒரு சேம்பர் கொடி கட்டாயம். சேம்பர் காலி என்று தூரத்திலிருந்தே காட்டும் பளிச்சென்ற பிளாஸ்டிக் துண்டு, ஒன்றிரண்டு டாலர். இது இல்லாமல் வண்டியிலிருந்து துப்பாக்கியை எடுக்கவிட மாட்டார்கள். ஆலன் சாவிகள், எண்ணெய்க் குப்பி, ஸ்கோப்புக்கு மாற்று பேட்டரி, குழலில் எதுவும் சிக்கினால் தள்ள ஒரு நீளக் கம்பி. தள்ளுவண்டி உடனே வேண்டாம், தோளில் மாட்டும் பைகள் இரண்டு போதும். பிறகு பழைய சாமான் விற்கும் இடங்களில் தேடுங்கள். குழந்தை வளர்ந்துவிட்ட வீடுகளில் பாதி விலைக்குக் கிடைக்கும், எதற்கு என்று மட்டும் விளக்கவேண்டியிருக்கும்.

உடை விஷயத்தில் ஒன்று. கழுத்து அகன்ற சட்டை வேண்டாம். சுட்ட காலித் தோட்டா கொதிக்கக் கொதிக்கப் பறந்து வந்து கழுத்துக்குள் விழும். விழுந்ததும் உடம்பு துள்ளும், கையில் இருக்கும் துப்பாக்கியின் முனை எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். கழுத்தை ஒட்டிய சட்டை, தொப்பி, மண்ணில் வழுக்காத காலணி. முழங்கால் பேட் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு.

அப்புறம் சாப்பாடு. நான் முதல் போட்டிக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போனேன், கையாலேயே பிசைந்து சாப்பிட உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தி, என் விரல்களைக் காட்டினார். கறுப்பாக இருந்தன. தோட்டாவிலும் புகையிலும் ஈயம் இருக்கிறது, கையிலிருந்து வாய்க்குப் போகும். அன்றிலிருந்து பையில் ஒரு கரண்டியும், ஈயத்தைத் துடைத்தெடுக்கும் தாள்களும் இருக்கின்றன. வெந்நீரில் அல்ல, குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீடு வந்ததும் உடை மாற்றிக் குளித்துவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள், அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

போட்டி நாள்

அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். ரேஞ்ச் ‘கோல்ட்’ (cold) என்பார்கள், அதாவது நடுவர் சொல்லும்வரை யாருடைய துப்பாக்கியிலும் தோட்டா கிடையாது, உறையிலிருக்கும் பிஸ்டல் உட்பட. துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டுமென்றால் சேஃப் டேபிள் என்ற மேசைக்குப் போகவேண்டும், அங்கே தோட்டாவைத் தொடவே கூடாது. போலித் தோட்டாவும் கூடாது. சுடும்போது முனை எப்போதும் முன்பக்க மண்மேட்டை நோக்கி இருக்கவேண்டும், அந்த மேட்டை நேராகப் பார்த்து நிற்கும்போது உங்கள் தோளுக்கு இணையாக வரும் கோட்டைத் தாண்டிப் பின்னால் திரும்பினால் வெளியேற்றம். ஓடும்போதும் தோட்டா நிரப்பும்போதும் விரல் விசைக்கு வெளியே. பீப்பாயில் போடும் துப்பாக்கி காலியாகவோ சேஃப்டி போட்டோ இருக்கவேண்டும். போடுமுன் கட்டைவிரலால் சேஃப்டியை ஒருமுறை தடவிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

புதியவர்களுக்கான விளக்கவுரையில் இதெல்லாம் சொல்வார்கள். குழுவில் கடைசியிலோ நடுவிலோ சுடுகிறேன் என்று கேளுங்கள், தருவார்கள். மற்றவர்கள் சுடும்போது அட்டையில் ஒட்டுத்தாள் ஒட்டவும் தகடுகளை நிமிர்த்தவும் ஓடுங்கள். ஒட்டாமல் நிழலில் உட்கார்ந்திருப்பவரை இங்கே யாருக்கும் பிடிக்காது. ஒட்டுகிறவருக்கு இரவல் தோட்டா, இரவல் துப்பாக்கி, இலவச ஆலோசனை எல்லாம் தானாக வரும். என்னுடைய இப்போதைய ஷாட்கனை வாங்குவதற்கு முன்னால் மூன்று பேருடைய ஷாட்கன்களில் சுட்டுப் பார்த்துவிட்டேன், மூன்றும் அப்படிக் கிடைத்தவைதான்.